தொரைக்குப் பெட்டகம், எங்களுக்குக் கரையானா?

புசல்லாவயில் ரொத்சைல்ட் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. நம்மில் பலருக்கு அங்கே சொந்தக்காரங்க இருக்காங்க. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எத்தனை பேர் யோசிச்சிருப்போம்?

1841இல் மொரிஸ், கேப்ரியல் என்ற டி வேர்ம்ஸ் சகோதரர்கள் அங்கே காடு வாங்கிக் கோப்பி போட்டார்கள். ஐரோப்பிய யூதக் குடும்பம். அவர்களுடைய தாய் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்துப் பெண். அம்மா வீட்டுப் பெயரையே தோட்டத்துக்கும் வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் காப்பதற்கென்றே லண்டனில் 1978இல் ஒரு ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. ஆய்வாளர்கள் இன்றும் போய்ப் படிக்கிறார்கள்.

சரி, அந்தக் காட்டை வெட்டினது யாரு? மன்னார்க் கரையிலிருந்து கால்நடையாக நடந்து வந்து, வழியில் காலராவுக்குப் பலரைக் கொடுத்துவிட்டு மலையேறினவங்களுக்கு எங்கே காப்பகம்?

பணக்காரன் தன் கடிதத்தைப் பத்திரப்படுத்துவது அதிசயமே இல்லை. யூதர்களிடம் நாங்கள் படிக்க வேண்டிய பாடம் ரொத்சைல்ட் பெட்டகத்தில் இல்லை. அவர்களில் ஏழைகள் செய்த வேலையில் இருக்கிறது. 1925இல் வில்னா நகரில் யிவோ என்ற நிறுவனம் தொடங்கியது. யித்திஷ் மொழியையும் அதைப் பேசிய சாதாரண மக்களின் வாழ்க்கையையும் பதிவு செய்வது அதன் வேலை. சேகரித்தது பேராசிரியர்கள் மட்டுமல்ல. ஊர் ஊராக இருந்த வாத்தியார்கள், தொழிலாளர்கள், பொடியன்கள், பிள்ளைகள் பாட்டையும் பழமொழியையும் கல்யாணப் பத்திரிகையையும் பொறுக்கி அனுப்பினார்கள். 1930களில் இளைஞர்களிடம் "உன் வாழ்க்கையை நீயே எழுது" என்று கேட்டுப் போட்டி வைத்தார்கள். அந்தக் கையெழுத்துகளில் பல இன்னும் இருக்கின்றன. எழுதியவர்களில் மிகப் பலர் இல்லை.

பிறகு வார்சா கெட்டோ. நாசிகள் அடைத்து வைத்த அந்தச் சுவர்களுக்குள் இம்மானுவேல் ரிங்கல்ப்ளும் என்ற வரலாற்றாசிரியரும் கூட்டாளிகளும் இரகசியமாக ஆவணம் சேர்த்தார்கள். ரேஷன் அட்டை, ட்ராம் டிக்கெட், மிட்டாய்த் தாள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, எல்லாம். தகரப் பெட்டியிலும் பால் கேனிலும் போட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். 1944இல் ரிங்கல்ப்ளும் கொல்லப்பட்டார். 1946இலும் 1950இலும் பெட்டிகள் தோண்டி எடுக்கப்பட்டன. கொலைகாரன் எழுதிய கோப்பு மட்டும் மிஞ்சக்கூடாது என்பதுதான் அவர்கள் கணக்கு.

ரெண்டு துயரத்தையும் ஒரே தராசில் வைக்கிறோம்னு நினைக்காதீங்க. இன்று இஸ்ரேல் அரசு செய்வதைப் பார்த்துக் கொண்டு எதுக்கு யூதர் கதைன்னும் சிலர் கேப்பீங்க. ஒரு அரசு செய்வதை வைத்து ஒரு சனத்தின் நினைவை அளக்க முடியாது. ரிங்கல்ப்ளும் எந்த அரசையும் நம்பி அந்தக் கேனைப் புதைக்கவில்லை.

இனி றொசல்லைக்கு வருவோம். எங்க கூட்டத்தில் ஒருத்தரோட அம்மாயி, லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் ஒரு தகர ட்ரங்குப் பெட்டி வைத்திருக்கிறார். போன மழைக்குக் கூரை ஒழுகினப்போ அதைத் திறந்தோம். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த பழைய தாள். சங்கத்துக்குச் சந்தா கட்டின துண்டுகள். ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப்போன தம்பி கூடலூரிலிருந்து எழுதின தபாலட்டை. பாதி எழுத்தைக் கரையான் தின்னிருந்தது. "இது குப்பைதானப்பா, அடுப்புக்குப் போடு"ன்னாங்க அம்மாயி.

குப்பையில்லை அம்மாயி. பேப்பர் இல்லாததால்தான் நம்ம சனம் நாடற்றுப் போனது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இங்கே பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கோ அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பதிவு போட்டு வைத்தார்கள்? 1949 சட்டம், 1946 தொடக்கத்துக்கு முன் கல்யாணமானவர் 7 வருஷமும் ஆகாதவர் 10 வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டச் சொன்னது. அதன் கீழ் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. செக்ரோல் தொரையின் அலுமாரியில் இருந்தது. அவன் தந்தால்தான் அத்தாட்சி. பிறகு 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஆட்களை எண்ணிக்கையாக்கின தாள்கள் எல்லாம் பத்திரமாக இருக்கு. அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஆட்களின் தாள்தான் மக்கிப்போகுது.

அதனால் "முதல்ல சம்பளம், காணி, வீடு, ஆவணமெல்லாம் பிறகு" என்று சொல்லும் தோழர்களோடு எங்களுக்குச் சண்டை இருக்கு. 7 பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கேட்டு நிக்கிறோமே, எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறோம் என்பதை எதை வைத்துக் காட்டுவது? ஆவணம் காணிக்குப் பிறகு வருவதில்லை. அதுக்கு முன்னால நிக்குது.

இன்னொரு சண்டை மேடைக்காரர்களோடு. 2023இல் "மலையகம் 200" என்று ஊரெல்லாம் பேசினோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுக்கு மரியாதை. அது பெரிய காரியம். ஆனால் பொன்னாடை போர்த்திக்கொண்டவர்களில் எத்தனை பேர் ஒரு தோட்டத்து வாசிகசாலைக்கு ஒரு அலுமாரி வாங்கிக் கொடுத்தார்கள்? மூன்றாவது சண்டை வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்களோடு. ரெக்கோர்டரோடு வருவாங்க, அழவைப்பாங்க, போயிடுவாங்க. அவங்க எழுதினதைச் சொன்னவங்க ஒருநாளும் பார்ப்பதில்லை. பெட்டியில் பூட்டின நினைவு யாருக்கும் காப்பகம் ஆகாது; திரும்பி வந்தால்தான் ஆகும்.

வழி காட்டினவங்க இல்லாமல் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகப் பாட்டுச் சேர்த்தார். சாரல்நாடன் கோ. நடேசய்யரின் வாழ்க்கையைத் தேடி எழுதினார். றம்பொடைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்திலேயே தொழிலாளர் நூதனசாலை 2007இலிருந்து இருக்கு. நூலகம் நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து, மலையகத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் யாரும் காசில்லாமல் படிக்க இணையத்தில் போடுது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சனத்துக்குத் தெரியும், ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் ஒரு தீக்குச்சி போதும். லயத்தில் தீப்பிடிக்கிறது நமக்குப் புதுசா?

நாங்க செய்யப்போவது சின்ன வேலை. அசலை யார் வீட்டிலிருந்தும் எடுக்க மாட்டோம். போனில் படம் எடுப்போம். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் சொன்னது என்று எழுதுவோம். அடையாள அட்டை இலக்கத்தை மறைப்போம். வேணாம்னு சொன்னால் விட்டுடுவோம். ஒரு பிரதி வீட்டுக்கு, ஒன்று வாசிகசாலைக்கு, ஒன்று இணையத்துக்கு. காமன் கூத்து வாத்தியாரின் கொப்பி, மரண உதவிச் சங்கத்துக் கணக்கு, கங்காணி வீட்டுப் படம், கொழுந்துத் துண்டு, எல்லாம் வேணும்.

தொரைக்கு எழுத ஆள் இருந்தது. அம்மாயிக்கு நாமதான் இருக்கோம். இந்த ஞாயிறு பேர் போடப் போகாத நாள். கட்டிலுக்கடியில் கையை விடுங்க, பெட்டியை இழுங்க. கரையான் ஞாயிறுன்னு லீவு எடுக்காது.