பாபேலும் 'தகவலாளர் 4'-உம்

ஆர். எஃப். குவாங்கின் 'பாபேல்' (2022) நாவலை மயூர் விஹாரிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் மெட்ரோப் பயணங்களிலேயே படித்து முடித்தேன். ராஜீவ் சௌக்கில் வண்டி மாற மறந்து இருமுறை தாண்டிப் போனதுண்டு, அத்தனை விறுவிறுப்பு. முடித்தபின் எஞ்சியதோ எரிச்சல். நம் மொழியியல் மாணவர்களிடையே இந்நாவல் ஏறத்தாழ வேதநூலாகிவிட்டது. குறை சொல்பவருக்குக் காலனிய ஆதரவாளர் என்ற பட்டம் காத்திருக்கிறது. இருந்தும் சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1830களின் ஆக்ஸ்ஃபோர்டு. வெள்ளிப் பாளத்தின் ஒருபுறம் ஒரு சொல், மறுபுறம் வேற்றுமொழியில் அதற்கு இணையான சொல். பெயர்ப்பில் தப்பிப் போகும் பொருளே மந்திர ஆற்றலாகிப் பிரித்தானியப் பேரரசின் கப்பல்களையும் ஆலைகளையும் இயக்குகிறது. அம்மொழியில் ஊறியவரால்தான் பாளத்தை இயக்க இயலும் என்பதால் கான்டனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரப்படுகிறார்கள். மொழியையும் ஒரு கச்சாப்பொருளாகக் கண்ட இந்த உருவகம் அபாரமானது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த மந்திரம் பெரும்பாலும் சொற்பிறப்பியலை நம்பி நிற்கிறது. பழைய பொருள் சொல்லுக்குள் உறங்கிக் கிடப்பதாகவும் தட்டினால் எழும் என்றும் நாவல் நம்பச் சொல்கிறது. 'நாற்றம்' முன்பு நறுமணத்தையும் குறித்தது. அதனால் இன்று அச்சொல்லைச் சொன்னால் மல்லிகை மணக்குமா? பொருள் பேசுவோரிடம் இருக்கிறதே அன்றி வேரில் இல்லை என்பது முதலாண்டுப் பாடம். வேர்ச்சொல் காட்டியே வரலாற்றை நிறுவிவிடும் நம்மூர்ப் பதிவுகளைக் கேலி செய்யும் அதே நண்பர்கள், ஆக்ஸ்ஃபோர்டு வெள்ளியில் பொறித்தால் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். வாசகருக்கு எது அநீதி என்று விரல் நீட்டிக் காட்டும் அடிக்குறிப்புகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். விடுகிறேன்.

என் முதன்மையான வழக்கு வேறு. கோபுரத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நாவல், அதன் நூலகத்தையும் விளக்கொளியையும் நள்ளிரவுத் தேநீரையும் காதலோடு வருணிக்கிறது. டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' (1992) தொடங்கி இவ்வகை நாவல்களின் கவர்ச்சியே இதுதான். கோபுரம் இடியும்போது நாம் அந்த அறைகளுக்காகவும் கண்ணீர் விடுகிறோம். குற்றம் அழகாகவும் தொலைவிலும் இருப்பதால் நம் மேல் தெறிப்பதில்லை.

கதைக்காலத்துக்கு 20 ஆண்டுகள் முன்பே நமக்கொரு பாபேல் இருந்தது. 1812இல் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்தது. அங்கிருந்துதான் எஃப். டபிள்யூ. எல்லிஸ், கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு 1816இல் எழுதிய முன்குறிப்பில், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று நிறுவினார். அதற்கு அவர் பயன்படுத்திய வேர்ச்சொல் பட்டியல் கல்லூரி ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரியுடையது. 40 ஆண்டுகள் கழித்து, 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. இன்று கால்டுவெல்லுக்குக் கடற்கரையில் சிலை. எல்லிஸை ஆய்வாளர்கள் அறிவார்கள். சாஸ்திரியை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? இங்கே கோபுரமும் எரியவில்லை, யாரும் சுடப்படவும் இல்லை. ஒரு பெயர் மெல்ல உதிர்ந்தது, அவ்வளவே. இதை வைத்து யாரும் திகில் நாவல் எழுதமாட்டார்கள்.

இனி என் கணக்கு. நீலகிரியில் ஓர் இருளர் மூதாட்டி, காட்டு வேலையை விட்டுவிட்டு, பதினோரு நாட்கள் எனக்குச் சொற்கள் தந்தார். என் ஆய்வேட்டின் அட்டவணையில் அவர் 'தகவலாளர் 4'. அடையாளத்தைக் காப்பது ஆய்வு நெறி என்பதை அறிவேன். அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் பெயரைப் போடட்டுமா என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. நாவலை முடித்த வாரம் தொலைபேசியில் கேட்டேன். "போடாம பின்ன? யார் சொன்னாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

முன்னுரையை மாற்றி எழுதி நெறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.