சாஃப்ட்வேர் தெரிந்தால் டிசைனரா?

நம்ம கிளாஸில் பாதிப் பேர் "டிசைன் சைடு போறேன்" என்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். எப்படிடா போவே என்று கேட்டால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்: "கேட்டியா முடிச்சுட்டேன், அடுத்து க்ரியோ". கேட்டியாவைக் கேட்டது போதும் மக்களே, கொஞ்சம் என்னையும் கேளுங்கள் :-)

மாடலிங் சாஃப்ட்வேர் என்பது பேனா மாதிரி. பேனா வாங்கியவன் எல்லாம் எழுத்தாளன் ஆகிவிட மாட்டான். இதைச் சொன்னால் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்தப் பேனாவுக்கு வீட்டில் பணம் வாங்கி ஃபீஸ் கட்டியிருக்கிறோம்.

ஒரு சின்ன உதாரணம். 25 மி.மீ. ஷாஃப்ட், அது சுற்றுவதற்கு ஒரு புஷ். ஸ்கிரீனில் இரண்டும் 25 என்று வரைந்தால் அழகாகப் பொருந்தும். நிஜத்தில் சரியாக 25 என்று யாராலும் கடைந்து கொடுக்க முடியாது. அதனால் ஓட்டைக்கு எச்7, ஷாஃப்டுக்கு ஜி6 என்று போடுகிறோம். அதாவது ஓட்டை 25.000 முதல் 25.021 வரை, ஷாஃப்ட் 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். இடைவெளி எப்படியும் 7 மைக்ரானுக்குக் குறையாது, 41-ஐத் தாண்டாது. ஷாஃப்ட் சுற்றும். இதே இடத்தில் ஜி6-க்குப் பதில் பி6 போட்டால்? ஷாஃப்ட் ஓட்டையைவிடப் பெரிதாகிவிடும். பிரஸ்ஸில் வைத்து அழுத்தித்தான் ஏற்ற வேண்டும், அப்புறம் சுற்றாது. மாடலில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் டிசைன். மீதி எல்லாம் மவுஸ் வேலை.

"எதுக்கு வம்பு, எல்லாத்துக்கும் டைட் டாலரன்ஸ் போட்டுடலாமே" என்று ஒரு கூட்டம் உண்டு. லேத்தில் முடிய வேண்டிய வேலை கிரைண்டிங்குக்குப் போகும், செலவு ஏறும். யார் வீட்டுக் காசு?

சரி, ஒரு எழுத்து மாறினால் என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கதை. செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் போன்ற கார்களின் சாவி ஸ்விட்சுக்குள் ஒரு குட்டி ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருந்தன. சாவியை 'ரன்' நிலையில் பிடித்து வைப்பதுதான் அவற்றின் வேலை. அந்தப் பிடிப்பு, கேட்டிருந்த அளவைவிடக் குறைவு. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ சாவி திரும்பிவிடும். ஓடும் காரில் இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது.

2006-ல் பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் நீளமாக்கி மாற்ற ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் பார்ட் நம்பரை மாற்றவில்லை! பழைய ஸ்விட்சும் புது ஸ்விட்சும் ஒரே நம்பரில். பிறகு வந்த கார்களில் பிரச்சினை ஏன் குறைந்தது என்று விசாரித்தவர்களுக்கே புரியவில்லை. ஒரு விபத்து வழக்குக்காக ஆராய்ந்த இன்ஜினியர் இரண்டு ஸ்விட்சையும் பிரித்து ஒப்பிட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

எந்த கோர்ஸிலாவது பார்ட் நம்பரை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லித் தந்தார்களா? பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியதைப் போட்டால் வேலை செய்யும் விதம் மாறுகிறதா? அப்படியானால் புது நம்பர். அவ்வளவுதான் விதி. ஒரு வரி.

"இன்டர்வியூவில் சாஃப்ட்வேர்தானே கேக்கறாங்க" என்பீர்கள். உண்மைதான். வேலை விளம்பரத்திலும் அதுதான் முதல் வரி. சாஃப்ட்வேர் படிக்காதே என்று நான் சொல்லவே இல்லை. அது உள்ளே நுழைய டிக்கெட். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே போனால், வேறு யாரோ எடுத்த முடிவை வருஷக்கணக்கில் வரைந்துகொண்டிருப்போம். கார்டில் மட்டும் 'டிசைன் இன்ஜினியர்' என்று இருக்கும். "கம்பெனியில கத்துக்கலாம்" என்பதும் பாதிதான் சரி. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தாலும், நமக்குக் கேள்வி கேட்கத் தெரிய வேண்டுமே?

அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் வீட்டில் கெட்டுப்போன மிக்ஸியைப் பிரியுங்கள் (பிளக்கைப் பிடுங்கிவிட்டு!). பிளாஸ்டிக் மூடியின் சுவர் உள்பக்கம் ஏன் லேசாகச் சாய்ந்திருக்கிறது? அச்சிலிருந்து கழன்று வர வேண்டுமே! அந்த இடத்தில் ஸ்க்ரூ ஏன், கிளிப் ஏன் இல்லை? வெர்னியரால் அளந்து பேப்பரில் வரையுங்கள். பிறகு காலேஜ் வொர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டும் அண்ணனிடம் காட்டி "இதைச் செய்ய முடியுமாண்ணா?" என்று கேளுங்கள்.

அவர் சிரித்தால் கோபப்படாதீர்கள். ஏன் சிரித்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிசைன் அங்கேதான் ஆரம்பிக்கிறது.