கல்முனை வீதிக்குக் கோடு கிழிப்பவர் யார்?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை ஒரு மெல்லிய மணற்றிடல். அதனை ஊடறுத்து ஓடுவது கல்முனை வீதி. கல்லடிப் பாலத்தைக் கடந்தால் களுவாஞ்சிகுடி வரை இவ்வீதியின் இரு மருங்கிலும் நிகழ்வது யாது? வீடுகள் கடைகளாகின்றன; கடைகளின் பின்னே களஞ்சியங்கள் எழுகின்றன; வளவுகளில் நின்ற தென்னைகள் வீழ்கின்றன; மழைநீர் வாவிக்குச் செல்லும் மதகுகளின் வாயில் மண் நிரம்புகின்றது. வணிகம் பெருகுவதை வெறுப்பாரல்லர் நாம். எங்கே, எவ்வளவு, எவருடைய தீர்மானத்தின்படி என்பதே எமது வினா.

1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லேடி மனிங் பாலம் ஒரு வாகனம் செல்லும் அகலமே உடையது. ஒரு முனையில் வந்தவர் மறுமுனையினர் கடக்கும் வரை காத்து நின்றனர். அந்தக் குறுகிய பாலமே எண்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக எழுவான்கரையின் வணிகத்துக்கு ஓர் அளவுகோலாயிருந்தது எனலாம். 2013இல் ஜப்பானிய உதவியுடன் அதனருகே அகன்ற புதுப்பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டு, பாதையேறிச் சென்ற படுவான்கரை மக்கள் வாகனத்தில் ஆரையம்பதிப் பக்கம் வந்திறங்கலாயினர். இரண்டும் நற்பணிகளே. ஆயினும், பாலம் அமைத்தவர்கள் பாலத்தின் பின் வரப்போகும் கட்டடங்களுக்கு இடம் வகுத்துவிட்டா அமைத்தனர்? இல்லை. வீதியோரக் காணி விலையே இடம் வகுத்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1915இன் வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் உண்டு. 1946இன் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் உண்டு. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் உண்டு. இறுதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் ஒரு பரப்பை அபிவிருத்திப் பரப்பென வர்த்தமானியில் வெளியிடுவாராயின், அதன்பின் அனுமதிப்பத்திரமின்றி அங்கு ஒரு சுவரும் எழுப்பலாகாது. வெளியிடும் அதிகாரம் கொழும்பில் உள்ளது. வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில், அதுவும் கொழும்பே. கடலோரம் கரையோரம் பேணல் திணைக்களத்தின் பார்வையில். எஞ்சியது நம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு. அவை எத்தனை? மட்டக்களப்பு மாநகர சபை, காத்தான்குடி நகர சபை, மண்முனைப்பற்றுப் பிரதேச சபை, மண்முனை தென் எருவில்பற்றுப் பிரதேச சபை என நான்கு. ஒரு வீதி, நான்கு எல்லைகள். ஒரு சபை மறுத்த களஞ்சியத்தை அடுத்த சபை தன் எல்லையில் அனுமதித்தால், மறுத்த சபைக்குக் கிடைப்பது வருமான இழப்பு. ஊருக்குக் கிடைப்பது அதே களஞ்சியம்! இந்நிலையில் எந்தச் சபையும் கண்டிப்பாயிருக்கத் துணியுமா?

இங்கிலாந்து தேசம் 1935ஆம் ஆண்டிலேயே, பெருவீதிகளின் ஓரம் கட்டடங்கள் நாடா போல் நீள்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றிற்று. அங்கு அஞ்சியது வீதியின் வேகம் குன்றும் என்பதற்கும் வயல்வெளி மறையும் என்பதற்குமே. நமக்கோ அஞ்ச வேண்டியது நீர்.

இம்மணலில் தோண்டிய கிணற்றில் நாம் அள்ளும் நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலமேயாகும். மழை மணலில் இறங்கினால் அது வளரும். கூரையும் சீமெந்துத் தளமும் பெருகினால் அது தேயும். மலக்குழிகள் நெருங்கினால் கெடும். கெட்டபின் என் செய்வது? உன்னிச்சைக் குளத்து நீரைக் குழாய்வழி பெறுகின்றோம். அந்தக் குளம் படுவான்கரை விவசாயியின் வயலுக்கு நீரூட்டுவது என்பதை எழுவான்கரைக் கடைக்காரர் மறத்தல் தகாது. இங்கு ஒரு கிணறு கெடுதல் அங்கு ஒரு வயலின் கணக்கிற் சேரும்.

மாரியில் நிலைமை வேறு. 2011 சனவரி வெள்ளத்தை நாம் மறந்திலோம். மேற்கே பெய்த மழை வாவியில் வந்து நிறைந்து, முகத்துவாரம் வெட்டப்படும் வரை வடிய வழியின்றி நிற்கும். அக்காலத்தில் அந்நீர் தங்குமிடம் வாவிக்கரைத் தாழ்நிலமே. அதனைக் கிரவல் கொட்டி நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்டினால், நீர் பக்கத்து வளவினுள்ளே புகும். நீருக்கு உறுதிப்பத்திரம் தெரியாது.

வகுத்தல் என்றவுடன் நம் மக்கள் அஞ்சுவதற்கும் காரணமுண்டு. கிழக்கிலே தமிழரும் முஸ்லிம்களும் பெண்மக்களுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பவர்கள். மூன்று பெண்கள் இருந்தால் வளவு மூன்றாகும். ஒவ்வொன்றும் வீதிமுகம் தேடும். ஆதலின் காணிகள் ஒடுங்கிய நீள்துண்டுகளாயின. பிரித்தெடுக்கும் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையலாகாதென்னும் பொது விதி இவ்வழக்கத்தை அறிந்து எழுதப்பட்டதன்று. இன்னொன்று: அரசு காணியைப் பொதுத் தேவைக்கு எடுப்பதாயின் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டப்படி அறிவித்தல், ஆட்சேபம், நட்டஈடு என்னும் படிகள் உண்டு. ஆனால் எதிர்கால அகலிப்புக்கென வீதிக்கோட்டை மட்டும் கிழித்துவிட்டுக் காணியை எடாது விட்டால்? உரியவர் கட்டவும் இயலாது. நல்ல விலைக்கு விற்கவும் இயலாது. பெயரளவில் அவருடையது, பயனளவில் எவருடையதுமன்று. எனவே கோடு கிழிக்குமுன் எடுக்கும் காலமும் கொடுக்கும் நட்டஈடும் குறிக்கப்படல் வேண்டும். இதில் நாம் விட்டுக்கொடுத்தலாகாது.

படுவான்கரை விவசாயிகளுக்கு ஒரு சொல். பாலங்கள் வந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கமும் வீதியோர வயலுக்கு விலை பேச ஆட்கள் வருவர். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெல்வயலை நிரப்புதலைத் தடுக்கின்றது. அச்சட்டம் உங்கள் கையிலுள்ள ஆயுதம். ஓர் ஏக்கர் நிரம்பினால் அதற்கு மேலுள்ள பத்து ஏக்கரின் வடிகால் அடைபடும் என்பதை உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

மஞ்சந்தொடுவாயும் காத்தான்குடியும் ஆரையம்பதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. காத்தான்குடியார் தம் வீதி நடுவே பேரீச்சை நட்டு அழகு செய்தனர், நன்று. எனினும் மழைநீர் தமிழரின் எல்லை, முஸ்லிம்களின் எல்லை பார்த்து ஓடுவதில்லை. எல்லைப் பிணக்கை முன்னிறுத்தி நான்கு சபைகளும் நான்கு திட்டம் தீட்டினால், தமிழ் பேசும் மக்கள் இரு சாராரும் கொழும்பு தரும் ஐந்தாவது திட்டத்தை ஏற்க நேரும்.

கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. பின்வந்த ஆண்டுகளில் ஆளுநரே ஆண்டார். உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை பிரதிநிதிகளின்றிக் கிடந்தன. தேர்ந்த உறுப்பினர்கள் இப்பொழுது ஆசனங்களில் இருக்கின்றனர். இந்த நான்கு சபைகளும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம்: கல்லடி முதல் களுவாஞ்சிகுடி வரை ஒரே கூட்டுத் திட்டம், வாவிக்கரைத் தாழ்நிலத்திலும் வடிகால்களிலும் கட்டட அனுமதி இல்லை, சந்திகளை அண்டி மட்டும் பெருங்கடைகள். வரைபடமும் விளக்கமும், வட கிழக்கின் நிருவாக மொழி தமிழென அரசியலமைப்பே கூறுகின்றபடி, முதற்கண் தமிழில் வெளிவந்து, பிரதேச செயலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆங்கிலப் படத்தைச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் வரவில்லை என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் செல்லாது.

சபைகள் கூடும் நாட்களில் விவசாய சங்கங்களும் மீனவர் சங்கங்களும் வர்த்தக சங்கங்களும் மக்கள் இருக்கையில் சென்றமர்தல் வேண்டும். தீர்மானம் மாரி தொடங்குமுன் வருதல் நலம். மழைக்காலத்தில் எந்த மதகு அடைபட்டுள்ளது என்பதை உறுப்பினர்கள் நேரிற் சென்று குறித்துக்கொள்ளலாம்.