மார்க் குறைந்தால்தான் ஹிஸ்டரி குரூப்பா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். மார்க் நிறைய இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் ஹிஸ்டரி குரூப். சமூக அறிவியல் என்ன தண்டனையா? 33 வருடம் அந்தப் பாடத்தை நடத்தியவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

பெற்றோர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்று: "ஐ.டி. வேலைக்குப் போகணும் சார்." சரி, அந்த ஐ.டி.யையே பேசுவோம்.

செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் சைமன். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலில். கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது 1975-ல் கிடைத்தது. 1978-ல் பொருளாதார நோபல். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயப் போனவர்தான் கணினிக்கு வந்து சேர்ந்தார்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடியைக் கண்டுபிடிக்க வரித்துறை கம்ப்யூட்டரை நம்பியது. அந்த நாட்டுக் குடியுரிமை இல்லை என்பதே சந்தேகத்துக்கு ஒரு காரணமாக அதில் கணக்கிடப்பட்டது. ஆயிரக்கணக்கான அப்பாவிக் குடும்பங்கள் மோசடிக்காரர்கள் என்று பெயர் வாங்கிக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசே ராஜினாமா செய்தது. அங்கே கோடு எழுத ஆள் இல்லாமலா போனது? "இது யார் தலையில் விடியும்?" என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்க ஆள் இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ரேஷன் கடைக்கு வாருங்கள். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்துக் கைரேகை தேய்ந்த பாட்டியை மிஷின் "நீ நீ இல்லை" என்கிறது. கிராமத்துக் கை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர், மிஷின் வருவதற்கு முன்னாலேயே மாற்று வழி கேட்டிருப்பார். அப்படிக் கேட்பதும் ஒரு வேலைதான். சம்பளம் உள்ள வேலை.

ஒரு ஆப்பை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பார்த்துச் சொல்பவர்கள், வரைபடத்தில் தரவை ஏற்றி எந்தத் தெருவில் வெள்ளம் வரும் என்று காட்டுபவர்கள், சர்வே எண்களை அலசுபவர்கள், தகவல் பாதுகாப்புச் சட்டத்தை நிறுவனங்களுக்கு விளக்குபவர்கள். இவர்களுக்குக் கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும், சமூகமும் தெரிய வேண்டும்.

வழி இல்லையா? இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், ப்ளஸ் டூவில் என்ன குரூப் என்பதும் தடையில்லை. அதன் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் கணினியையும் மானுட அறிவியலையும் சேர்த்தே படிக்கலாம். வரைபட வேலைக்கான கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். பைதானும் இலவசம்.

பி.இ.தான் வேண்டும் என்றால் கணக்கும் இயற்பியலும் படித்தே ஆக வேண்டும், மறுக்கவில்லை. எந்த வழியில் போனாலும் புள்ளியியலுக்குப் பயப்படக் கூடாது. அதில் சலுகை கிடையாது.

ஆனால் பொருளாதாரம் பிடித்த பிள்ளையை இழுத்துப் போய் வேதியியல் லேபில் உட்கார வைக்காதீர்கள். பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: ஹிஸ்டரி குரூப்பை மூடிவிட்டு "கேட்க ஆளில்லை" என்று சொல்வது நியாயமில்லை. அந்தக் குரூப்பைத் திறங்கள். கூடவே கம்ப்யூட்டர் லேபையும் அந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

அட்மிஷன் நேரம் இது. தெரிந்த பெற்றோருக்கு அனுப்புங்கள்.