கரணை பிடித்தாலும் சித்தாள் கூலிதானா?

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக்கு நெசவுக் கூலி எவ்வளவு என்று கேட்டால் தறி வீட்டுப் பிள்ளையும் சொல்லும். கோர்வைச் சேலைக்கு ஒரு கூலி, சாதாரணச் சேலைக்கு ஒரு கூலி. கூட்டுறவுச் சங்கத்தில் அது எழுத்தில் இருக்கிறது. அதே ஊரில் வீடு கட்டும் சித்தாளுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். தெருவுக்கு ஒரு பதில் வரும்.

கட்டட வேலையில் ரேட்டு மாறுவதற்குச் சில நியாயமான காரணங்கள் உண்டு. நெசவாளர் தெருக்களின் குறுகிய சந்துகளில் லாரி நுழையாது. மணலும் செங்கல்லும் தெருமுனையில் இறங்கி, தலைச்சுமையாக உள்ளே வர வேண்டும். மாடி ஏற ஏறச் சாரம் கட்டும் வேலை கூடும். ஏரியை ஒட்டிய மண் என்றால் கடைக்கால் ஆழமாகப் போகும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பூமி பூஜை போடமாட்டார்கள். தை பிறந்துவிட்டால் கொத்தனாரைக் கையில் பிடிக்க முடியாது. இதையெல்லாம் நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் சதுர அடிக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சின்ன வீடானாலும் ஒரு சமையலறை, ஒரு கழிவறை, நாலு மூலை இருந்தே தீரும். பரப்பு குறைந்த அளவுக்குச் சுவரும் பூச்சும் குறைவதில்லை. அதனால் சின்ன வீட்டுக்குச் சதுர அடி ரேட்டு கூடுதல். கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தருவது 3.50 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். இதில்தான் சிமெண்டு, கம்பி, கூலி எல்லாம் அடங்க வேண்டும். பணமும் வேலை நடக்க நடக்கத்தான் தவணையாக வரும். தவணைக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு மேஸ்திரி ஒன்று ரேட்டைக் கூட்டுவார், இல்லையென்றால் பாதியில் விட்டுவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விடுவார். ஊரெல்லாம் வீடு கட்டும் நம் ஆட்களின் சொந்த வீடு காலனியில் லிண்டல் மட்டத்தோடு நிற்பதை நாம் பார்க்கிறோம்.

நியாயமில்லாத காரணங்களுக்கு வருவோம். வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் ஆள் கணக்குக்குக் கொடுப்பது ஒரு தொகை. சாயங்காலம் சித்தாள் கைக்கு வருவது வேறு தொகை. நடுவில் எவ்வளவு நின்றது என்று கேட்பவருக்கு மறுநாள் வேலை இல்லை. மேஸ்திரியாக யார் ஆக முடிகிறது? கையில் முன்பணமும், ஊர்த்தெருவில் வீட்டுக்காரரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமையும் உள்ளவர்தான். ‘எந்த ஊரு?’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘எந்தத் தெரு?’ என்ற கேள்வியும் வரும் இடத்தில், காலனி ஆள் எத்தனை வருடம் வேலை கற்றாலும் காண்டிராக்ட் பேசப் போவது கடினம்.

1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அன்று காஞ்சிபுரமும் அந்த மாவட்டம்தான். குடியிருக்கும் மனையே மிராசுதார் பிடியில் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். எதிர்த்துப் பேசினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றால் யார் கூலி பேசுவார்? இன்று மனையின் இடத்தில் மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸ் இருக்கிறது.

மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கு உண்டு. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் கட்டட வேலைகள் நடந்தன. குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமாதார் கமிஷனாக எடுத்துக்கொள்ள, தொழிலாளிக்குக் கிடைத்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு 7 ரூபாய்தான் தரப்படுகிறது என்றும் புகார் எழுந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அது. ஜமாதார் என்ற இடத்தில் மேஸ்திரி என்று போட்டுப் படித்தால் நம்மூர்க் கதை.

பெண்கள் விஷயம் இதைவிட மோசம். ஆண்பிள்ளை பெரியாளாகச் சேர்ந்தால் சில வருடங்களில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனுக்கு முன்பே சேர்ந்த அவன் அம்மா கடைசிவரை சித்தாள். வாலாஜாபாத் பக்கத்து அம்மா ஒருவரை ஒரு வேலையிடத்தில் பார்த்தோம். கொத்தனார் வராத நாளில் கழிவறைச் சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பூச்சு. “அப்போ இன்னிக்குக் கொத்தனார் கூலிதானேம்மா?” என்று கேட்டோம். “நீ வேற தம்பி, பூசச் சொன்னதே பெருசு” என்றார். சம வேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்கு வரியாகப் போகிறது. விபத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. நம் பெண்களில் பலர் இன்னும் அட்டை எடுக்கவில்லை. எடுத்தவர்களில் பலர் புதுப்பிக்கவில்லை. படித்த பிள்ளைகள் இந்த வாரமே வீட்டில் அட்டையை எடுத்துத் தேதி பார்க்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் பேசும்போது கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தத் தாளை வேலை நடக்கும் இடத்தில், எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்டுங்கள். கிராம சபையில் குறைந்தபட்சக் கூலி விவரத்தைப் பலகையில் எழுதச் சொல்லித் தீர்மானம் கொண்டுவர நாங்கள் முயற்சி செய்கிறோம். அடுத்த கூட்டம் மே 1, தொழிலாளர் தினம். அன்று சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூலியைவிட்டு வர வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளாவது வீட்டிலிருக்கும் ஆண்பிள்ளைகள் அவர்களை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.