திங்கட்கிழமை வயிற்றுவலி... நடிப்பு அல்ல!

ஞாயிறு இரவு வரை ஓடியாடி விளையாடிய பிள்ளை, திங்கள் காலை யூனிஃபார்மைப் பார்த்ததும் ‘வயிறு வலிக்குதும்மா’ என்று சுருண்டு படுக்கும். டாக்டர் பார்த்தாயிற்று, ஸ்கேனும் நார்மல். ‘எல்லாம் நடிப்பு’ என்பார் அப்பா. ‘பாவம், இன்னிக்கு லீவு போடட்டும்’ என்பார் அம்மா. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது.

வலி நிஜம். மனப்பதற்றம் பிள்ளைகளுக்கு வயிற்றிலும் தலையிலும்தான் பேசும். லீவு போட்டதும் வலி போய்விடும். ‘தப்பித்தால்தான் நிம்மதி’ என்று மனசு கற்றுக்கொள்ளும். அடுத்த திங்கள் பயம் இன்னும் பெரிதாகும்.

சிகிச்சை இதைத் தலைகீழாக மாற்றுகிறது. முதலில் பள்ளி கேட் வரை, பிறகு வகுப்பறை வாசல் வரை, அப்புறம் ஒரு பீரியட் என்று படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளப் பழக்குவார்கள். இது சிபிடி என்ற பயிற்சியின் முக்கியப் பகுதி. அமெரிக்காவில் 488 பிள்ளைகளிடம் நடந்து, 2008-ல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 60 சதவிகிதம் பேர் நன்கு தேறினார்கள். மருந்தும் சேர்ந்தபோது அது 81 சதவிகிதம். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவையில்லை; அதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்வார்.

எங்கே போவது?

முதலில் வழக்கமான குழந்தைகள் டாக்டர். உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதியானால், அடுத்தது மனநலப் பிரிவு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஒரு பக்கம் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, மறுபக்கம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தயக்கமாக இருந்தால், 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தனியார் கிளினிக்கில் நிதானமாகப் பேச நேரம் கிடைக்கலாம். அரசு மருத்துவமனையில் கூட்டம் இருக்கும், செலவு இருக்காது. எங்கே போனாலும் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்?’ ஏனென்றால், டாக்டரிடம் பிள்ளை இருப்பது சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் உங்களிடம்தான்.

பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா, அடிக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். அப்படி இருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது பிள்ளையை அல்ல.

அடுத்த திங்கள் திட்டவும் வேண்டாம், லீவும் வேண்டாம். ‘பயமா இருக்குன்னு தெரியுது. கேட் வரைக்கும் சேர்ந்து போவோம், வா’ என்று கையைப் பிடியுங்கள். முதல் படி அதுதான்.