வான்வழிக் கணக்கும் வீட்டார் கணக்கும்

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் மரணம் நேர்ந்தால், அடக்கத் திருப்பலிக்கு நேரம் குறிக்க வரும் உறவினரிடம் நாம் முதலில் கேட்பது, "பிள்ளை எப்போது வந்து சேருவார்?" என்பதே. "விமானத்தில் நான்கு மணி நேரம்தானே, சாமி!" என்று மறுமொழி வருகிறது. அந்த நான்கு மணி எத்தகைய கணக்கு என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து ஷார்ஜா வான்வழியே ஏறத்தாழ 2,770 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏறத்தாழ 3,160. இரண்டிற்கும் நேர் விமானப் பயணம் நான்கு மணி நேரத்தை ஒட்டியதே. ஆயினும் பயணச் சீட்டு நம்மை மயக்கும். புறப்படும் நேரம் அவ்வூர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் நம்மூர்க் கடிகாரப்படியும் அச்சிடப்படுகின்றன. ஷார்ஜாவின் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி பிந்தியது; சிங்கப்பூருடையது இரண்டரை மணி முந்தியது. எனவே அதே நான்கு மணிப் பயணம், ஷார்ஜாச் சீட்டில் ஐந்தரை மணியாகவும், சிங்கப்பூர்ச் சீட்டில் ஒன்றரை மணியாகவும் தோன்றும்.

தொலைவு மிகுந்தால் மயக்கமும் மிகும். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை இரவு, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் நால்வர் செலுத்திய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, திங்கள் விடியுமுன் பெங்களூரில் இறங்கிற்று. நாள்காட்டியில் இடையே முழு ஞாயிறு ஒன்று. வானில் கழிந்ததோ ஏறத்தாழ 17 மணி நேரமே. சுமார் 14,000 கிலோமீட்டர் தொலைவை அவ்விமானம் வட துருவத்தின் வழியே கடந்தது. சுவரில் தொங்கும் படத்தில் இவ்வழி விந்தையாகத் தோன்றலாம். உலக உருண்டையின்மீது இவ்விரு நகர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்; அது வடக்கே ஏறிச் செல்வதைக் காண்பீர்கள்.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. நம் நாட்டுக்கு வடக்கே, உயர்வானில் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. அதனால் தில்லியிலிருந்து இலண்டன் செல்வதைவிடத் திரும்பி வருவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவாகவே ஆகிறது.

இவையெல்லாம் வானக் கணக்கு. பிள்ளையின் கணக்கோ தொலைபேசியில் துயரச் செய்தி கேட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. விடுப்புப் பெற வேண்டும். சீட்டுக் கிடைக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையம் சேர வேண்டும். நேர் விமானம் தவறினால் வேற்று நகரில் காத்திருந்து மாறி வர வேண்டும். இறங்கியபின் பாஸ்போர்ட் சோதனையும் உண்டு. நான்கு மணிப் பயணம் ஒரு நாளை விழுங்குவது இவ்வாறே.

ஆதலால், குடும்பத்தாரே, சீட்டுக் கையில் கிடைத்த பின்னரே அடக்க நேரத்தைக் குறியுங்கள். இறங்கும் நேரத்தோடு மூன்று மணியேனும் கூட்டிக்கொள்ளுங்கள். காத்திருக்க இயலாதெனில் அதைப் பிள்ளையிடம் அன்போடு முன்னரே சொல்லிவிடுங்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்கு அவர் வரட்டும். தந்தையின் முகம் காணாது கல்லறையில் வந்து நிற்கும் மகனிடம், "நான்கு மணிப் பயணம்தானே, ஏன் பிந்தினாய்?" என்று மட்டும் ஒருவரும் கேட்க வேண்டாம்.